பேசத் தயங்குபவர்கள் உரையாடலைத் தொடங்கித் தொடர்வது எப்படி

படிப்பை முடித்து வேலைக்காகச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வந்து சேர்ந்து, விடுதியிலும் அலுவலகத்திலும் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் நாள் முழுவதும் நான்கு வார்த்தை பேசாமல் அறைக்குத் திரும்புகிற இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். திருமணமாகிப் புதிய ஊருக்கு வந்த பெண்களுக்கும், பணி ஓய்வுக்குப் பிறகு மகன் அல்லது மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இவர்களில் பலரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: "எனக்குப் பேச வராது." மேடைப் பேச்சையும் பட்டிமன்றத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு, பேசத் தெரிந்தவர் என்றாலே சொற்களைத் தடையின்றி அடுக்குபவர் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. அன்றாட உரையாடலுக்கு அந்தத் திறமை தேவையே இல்லை. எதிரில் இருப்பவர் இப்போது சொன்னதைக் கவனித்து அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். அவர் போன முறை சொன்னதை நினைவில் வைத்திருந்து இந்த முறை விசாரிக்க வேண்டும். இந்த இரண்டு பழக்கங்களும் அமைந்துவிட்டால், குறைவாகப் பேசுகிறவரிடமும் மனிதர்கள் விரும்பி வந்து பேசுவார்கள்.

முகம் தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்

முன்பின் அறியாத ஒருவரிடம் துணிந்து பேசுவதை முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் பார்த்தும் பேசாமல் கடந்து போகிறவர்கள் நம்மைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். குடியிருப்பின் காவலாளி, மெஸ்ஸில் பரிமாறுபவர், அலுவலகப் பேருந்துக்காக அதே நிறுத்தத்தில் நிற்பவர், எதிர்வீட்டு அம்மா, தேநீர்க் கடைக்காரர் ஆகியோருக்கு உங்கள் முகம் ஏற்கெனவே தெரியும் என்பதால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. முதல் வாரம் முகத்தைப் பார்த்து ஒரு புன்னகையோடு "வணக்கம்ண்ணா", "நல்லா இருக்கீங்களாக்கா" என்ற அளவில் நின்றுகொள்ளலாம். அடுத்த வாரம் உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரை மறந்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தால், அன்று இரவே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி நலம் கேட்கும்போது, குறிப்பாக யாரும் பெயர் சொல்லி அழைக்காத பணியில் இருப்பவர்களிடம், உண்டாகும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

அழைக்கும் முறையில் சற்றுக் கவனம் வேண்டும். வயது தெரியாதபோதும், நம்மைவிட இளையவர் என்று தோன்றினாலும், கடையிலோ வண்டியிலோ வேலை செய்கிறவரானாலும் "நீங்க" என்றே தொடங்க வேண்டும். அவராக "நீ, வா, போ" என்று நெருங்கி வந்தபின் நாமும் மாறிக்கொள்ளலாம். தென்மாவட்டங்களில் உரிமையோடு சொல்லப்படும் "நீ" கோயம்புத்தூர்ப் பக்கம் மரியாதைக் குறைவாகக் கேட்கும். அங்கே சிறு பிள்ளைகளிடம்கூட "வாங்க, சொல்லுங்க" என்று பேசுகிற வீடுகள் உண்டு. அதைக் கேட்டு, நம்மை விலக்கி வைக்கிறார்கள் என்று தென்பக்கத்தவர் தவறாக எண்ணிவிடவும் கூடாது. முப்பது வயதுப் பெண்ணை "ஆன்ட்டி" என்று அழைத்தால் அந்த உரையாடல் அத்தோடு முடிந்துவிடும் வாய்ப்பே அதிகம். "அக்கா" எங்கும் பாதுகாப்பானது. மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் அலுவலகங்களும் உண்டு, "சார்", "மேடம்" தவறக்கூடாத அலுவலகங்களும் உண்டு. இரண்டு நாள் மற்றவர்களைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

முதல் வாக்கியம் அறிவார்ந்ததாகவோ வேடிக்கையாகவோ இருக்க வேண்டியதில்லை. இருவர் கண்ணிலும் காதிலும் படுகிற ஒன்றைப் பற்றியதாக இருந்தால் போதும். "லிஃப்ட் இன்னைக்கும் ஓடலையா?", "கார்ப்பரேஷன் தண்ணி வந்துடுச்சாக்கா?", "இந்த பஸ் எப்பவுமே இப்படி லேட்டாத்தான் வருமா?" போன்றவை விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுபவை அல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும். நான் பேசத் தயார், நீங்கள் தயாரா என்பதே அவற்றின் உட்பொருள். அவர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால் இன்று தயாரில்லை என்று பொருள். அதை உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தயக்கத்தின் வேர் பெரும்பாலும் நம் தவறான கணிப்பில் இருக்கிறது. நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ நகர ரயில் பயணிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் பயணம் இனிமையற்றதாகிவிடும் என்றே பயணிகள் எதிர்பார்த்தார்கள்; ஆனால் உண்மையில் பேசச் சொல்லப்பட்டவர்களின் பயணமே, தனியே அமர்ந்து வந்தவர்களின் பயணத்தைவிட இனிமையாக இருந்தது. புதியவர் ஒருவரோடு பேசி முடித்தபின், அவர் நம்மை விரும்பிய அளவை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று எரிக்கா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018-இல் காட்டினார்கள். "உளறிவிட்டோமோ" என்று இரவில் புரண்டு படுக்கும்போது இந்த முடிவை நினைத்துக்கொள்வது உதவும்.

ஆனால் பேச வேண்டும் என்ற நினைப்பே நெஞ்சுப் படபடப்பையும் வியர்வையையும் கொண்டுவந்து, வேலைக்கோ வகுப்புக்கோ போகவிடாமல் தடுக்கிறதென்றால், அதைக் கூச்சம் என்று தள்ளிவிடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

பதிலில் ஒளிந்திருக்கும் அடுத்த கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் பழகிக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியைத்தான் பழகச் சொல்வேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேரன் ஹுவாங் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிட இணைய உரையாடல்களில் சிலரைக் குறைந்தது 9 கேள்விகளும் சிலரை 4 கேள்விகளுக்கு மேற்படாமலும் கேட்கச் செய்தார்கள். நிறையக் கேட்டவர்களையே எதிரில் இருந்தவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். அதிலும் முந்தைய பதிலைத் தொட்டு எழுந்த தொடர்க் கேள்விகளே அந்த விருப்பத்துக்கு முதன்மைக் காரணமாக இருந்தன. புதிய தலைப்புக்குத் தாவுகிற கேள்விகளுக்கு அந்த வலிமை இல்லை.

நம் சூழலில் இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த சக ஊழியரிடம் "எந்த ஊர் நீங்க?" என்று கேட்கிறீர்கள். "தஞ்சாவூர் பக்கம், ஒரத்தநாடு" என்கிறார். "ஓ, அப்படியா. எந்த காலேஜ்? எப்ப ஜாயின் பண்ணீங்க?" என்று தொடர்ந்தால் அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல ஆகிவிடும், மூன்றாவது பதிலோடு இருவருக்கும் சலித்துவிடும். மாறாக, "ஒரத்தநாடா? அது டெல்டாவாச்சே, வீட்ல விவசாயமா?" என்று கேட்டால், "ஆமா, அப்பா பாத்துக்கிறாரு. இந்த வருசம் குறுவை போடலை" என்று அவர் சொல்லக்கூடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவதும், அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நடப்படுவதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் "தண்ணி லேட்டா தொறந்தாங்களா?" என்று கேட்கலாம். தெரியாவிட்டாலும் குறையில்லை; "குறுவைன்னா எந்த மாசம் போடுவாங்க? எனக்குத் தெரியாது, சொல்லுங்களேன்" என்று கேட்பது இன்னும் நல்லது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஆர்வமுள்ள ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் தடையின்றிப் பேசுவதைப் பார்க்கலாம்.

தொடர்க் கேள்வியை எங்கே தேடுவது என்பதற்கு ஒரு நம்பகமான குறி உண்டு. பெரும்பாலான பதில்களில், கேட்டதற்கு மேல் ஒன்றிரண்டு சொற்கள் கூடுதலாக வந்து விழும். "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்விக்கு "ஆச்சு" என்பதே முழு விடை. "ஆச்சு, ஓட்டல்ல" என்று ஒருவர் சொன்னால், நாம் கேட்காத "ஓட்டல்ல" என்ற சொல்லை அவராகச் சேர்த்திருக்கிறார். "ஏன், வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று அதைப் பற்றிக்கொண்டால், மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் செய்தி வெளிவரலாம். "நேத்து லீவு, கொஞ்சம் அலைச்சல்" என்பதில் அலைச்சலும், "பரவாயில்லை, இப்ப தேவலாம்" என்பதில் "இப்ப" என்பதும் அப்படிப்பட்டவை. மனிதர்கள் தாங்கள் பேச விரும்புவதை இப்படித்தான் ஓரமாக வைத்துப் பார்க்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டால் தொடர்கிறார்கள், கவனிக்காமல் போனால் வற்புறுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால் விசாரணை ஆகிவிடும் என்பதால், இரண்டு கேள்விகளுக்கு ஒரு முறையாவது உங்களைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள் சொல்லுங்கள்; "எங்க ஊர்ல எல்லாம் கிணத்துப் பாசனம்தான், ஆறே கிடையாது" என்பது போதும். மற்றொன்று, "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் குரல் பார்த்துக் கேட்க வேண்டும். "ஏன் வேலையை விட்டீங்க?" என்பது குற்றம் சாட்டுவதுபோல ஒலிக்கும்; "என்ன ஆச்சு, அங்க சரியா வரலையா?" என்பதில் பரிவு இருக்கிறது.

நான்கைந்து பேர் கூடியிருக்கும் இடத்தில் புகுந்து பேச முடியவில்லை என்பது பலருடைய குறை. அதற்குக் காரணம் அறிவுக் குறைவோ சொல் வறட்சியோ இல்லை; நேரம்தான் காரணம். ஒருவர் பேச்சு முடிந்து அடுத்தவர் தொடங்கும் முறையை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் ஆகியோர் 1974-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக, தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் 10 மொழிகளில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு, கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட வெளி சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. அதாவது, முன்னவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தம் சொல்லைத் தயார் செய்துவிடுகிறார். முழு வாக்கியத்தையும் மனத்தில் செப்பனிட்டபின் வாய் திறக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த வெளி ஒருபோதும் கிடைக்காது. ஆகவே முதலில் சிறு ஒலிகளோடு நுழையுங்கள்: "அட", "அப்படியா", "ஐயோ, அப்புறம்?" இவை பேசுபவரை உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்யும். அவர் பார்வை உங்கள் மேல் இருக்கும்போது ஒரு கேள்வி கேட்டால், அடுத்த முறை உங்களுடையதாகிவிடும். கூட்டத்தில் புதிய தலைப்பை நீங்கள் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

கேட்காமல் விட வேண்டியவை

சம்பளம், கல்யாணம் எப்போது, குழந்தை ஏன் இன்னும் இல்லை, உடம்பு ஏன் இப்படி இளைத்துவிட்டது, ஏன் இப்படிப் பருத்துவிட்டது என்பவை நம் வீடுகளில் அன்பின் பெயராலேயே கேட்கப்படுகின்றன. கேட்பவருக்குத் தீய நோக்கம் இல்லாதிருக்கலாம். ஆனால் கருச்சிதைவு கண்ட பெண்ணிடமும், மூன்று ஆண்டுகளாக வரன் தேடிச் சோர்ந்த இளைஞரிடமும் இந்தக் கேள்விகள் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, ஊர் பேச்சைச் சாக்கிட்டுச் சாதியைத் துருவுவது. "ஒரத்தநாட்டுல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது? நீங்க கறி சாப்பிடுவீங்களா?" என்று படிப்படியாகப் போகும் கேள்விகள் எதை நோக்கிப் போகின்றன என்பது, அவற்றால் காயப்பட்டவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். வாடகை வீடு தேடும்போதும், புதிய அலுவலகத்தின் முதல் மதிய உணவின்போதும் இந்த அனுபவம் பலருக்கு நேர்ந்திருக்கிறது. ஊரைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. அங்குள்ள ஆறு, பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து, திருவிழா என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கின்றன. தெருவைக் கேட்காதீர்கள். உங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவருடைய ஊரைப் பற்றி ஒரு கேள்வியைக் கேட்டுப் பேச்சைத் திருப்பிவிடலாம். மறுபடியும் துருவினால், "அதெல்லாம் நான் பாக்குறதில்லை" என்று அமைதியான குரலில் சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது.

ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது

பழக்கம் சற்று ஆழமானதும் ஒரு நாள் அவர் தம் கவலையைச் சொல்வார். அப்போது நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். உடனே தீர்வு சொல்கிறோம், அல்லது "எனக்கும் இப்படித்தான்" என்று நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறவில்லை என்று சொல்பவரிடம் ஆவாரம்பூக் குடிநீரைப் பரிந்துரைப்பது அக்கறையில் பிறந்ததே என்றாலும், அவர் ஏற்கெனவே பத்துப் பேரிடம் பத்து வைத்தியம் கேட்டுவிட்டிருப்பார். "இப்ப யார் கூட இருந்து பாத்துக்கிறாங்க? நீங்க வாராவாரம் போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்டால், அவருடைய உண்மையான பாரமான அலைச்சலும் செலவும் அண்ணன் தம்பிக்குள் வந்த மனக்கசப்பும் பேச்சில் வரும். முடிவில் "நான் ஏதாவது யோசனை சொல்லட்டுமா, இல்ல சும்மா கேட்டுக்கட்டுமா?" என்று கேட்பது சற்றுச் செயற்கையாகத் தோன்றலாம், கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நன்றியோடுதான் பதில் வரும்.

நல்ல செய்திக்கு எப்படி எதிர்வினை செய்கிறோம் என்பது இதற்கு இணையாக முக்கியமானது. ஷெல்லி கேபிளும் அவருடைய சகாக்களும் காதலர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, துன்பத்தின்போது துணை காட்டும் ஆதரவைவிட, நல்ல செய்தியைச் சொல்லும்போது துணை காட்டும் மகிழ்ச்சியே உறவின் நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று கண்டது. "ப்ரமோஷன் கிடைச்சிருக்கு" என்று ஓடிவருகிறவரிடம் "இனி வேலை ஜாஸ்தியாகுமே" என்பதும், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சூப்பர்" என்பதும் ஏறக்குறைய ஒரே அளவு வலிக்கும். "அடடே! யார் சொன்னா? எப்படிச் சொன்னாங்க? வீட்டுக்குச் சொல்லிட்டியா?" என்று அந்த நிமிடத்தை அவர் மறுபடியும் வாழும்படி கேளுங்கள். கண் திருஷ்டி பட்டுவிடும் என்று மகிழ்ச்சியை அடக்கிச் சொல்கிற வழக்கம் உள்ள நம் குடும்பங்களில் இதற்குப் பஞ்சம் அதிகம்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் தொலைபேசியில்

வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் இடையே தினமும் நடக்கும் அழைப்பு பெரும்பாலும் இப்படி முடிகிறது. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சு. வேற என்ன?" "வேற ஒண்ணுமில்லம்மா." "சரி, வெச்சிடட்டா?" இரண்டு பக்கமும் அன்பு நிறைந்திருந்தும், பேச எதுவும் கிடைக்காமல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த அழைப்புகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்கின்றன. இதை மாற்றுவது எளிது, ஆனால் அழைக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

போன அழைப்பில் அம்மா சொன்ன ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு அதிலிருந்தே தொடங்குங்கள். "அந்த மோட்டார் ரிப்பேர் பண்ண ஆள் வந்தாரா?", "எதுத்த வீட்டு அத்தைக்கு முட்டி ஆபரேஷன்னு சொன்னியே, வீட்டுக்கு வந்துட்டாங்களா?", "ரேஷன் கடையில இந்த மாசம் துவரம்பருப்பு போட்டாங்களா?" என்பன போன்ற கேள்விகள் வந்தால், தாம் சொன்னது பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பொதுவாக நலம் கேட்பதைவிட இதில் நிறைவு அதிகம். உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு காட்சியைச் சொல்லுங்கள். "ஆபீஸ் நல்லாப் போகுது" என்பதற்குப் பதிலாக, மெஸ்ஸில் இன்று வைத்த வத்தக்குழம்பு எப்படி இருந்தது, பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர், அவர் ஏன் நேற்று மேலாளரிடம் கோபித்துக்கொண்டார் என்று சொன்னால், அவர்கள் மனத்தில் உங்கள் நாள் ஓர் உருவம் பெறும். அடுத்த வாரம் அவர்களே அந்தப் பக்கத்து இருக்கைக்காரரை விசாரிப்பார்கள்.

அப்பாக்களிடம் பேசுவது தனிக் கலை. பல வீடுகளில் அப்பா கைப்பேசியை எடுத்ததும் "இரு, அம்மாட்ட தர்றேன்" என்று கொடுத்துவிடுவார். அவரிடம் நலம் விசாரிப்பதைவிட ஒரு வேலையைப் பற்றி யோசனை கேட்பது பயன் தரும். பைக்குக்கு இன்சூரன்ஸ் எப்படிப் புதுப்பிப்பது, வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், ஊரில் அந்தக் கிணற்றை முதலில் யார் வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். அம்மாவின் கைப்பேசியில் அழைத்துக் காத்திராமல், அவருடைய எண்ணுக்கே தனியாக அழைப்பதும் உதவும்.

பெற்றோருக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருந்தால் கத்திப் பேச வேண்டாம். கத்தும்போது சொற்கள் சிதைவதோடு, கோபமாகவும் ஒலிக்கும். வேகத்தைக் குறைத்து, வாக்கியங்களைச் சிறிதாக்கி, வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் உதடும் வெளிச்சத்தில் தெரியும்படி உட்கார்ந்து பேசுங்கள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே மறுபடி சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது காது பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும்

என்ன சொல்வது என்று தெரியாததாலேயே துக்கம் கேட்கப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கே சொல்ல வேண்டியது மிகக் குறைவு. உள்ளே போய்க் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் அருகில் உட்கார்ந்திருப்பதுதான் விசாரிப்பு. "எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, அந்த டாக்டர்ட்ட காமிச்சிருக்கலாமே" என்ற கேள்விகளை நீங்கள் கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்லியே அவர்கள் ஓய்ந்திருப்பார்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு நல்ல செயலைச் சொல்லலாம். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவதே வழக்கம். காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு மாதம் கழித்து நீங்கள் மறுபடி போக வேண்டும். அப்போதுதான் அந்த வீட்டில் பேச ஆள் தேவைப்படும். மருத்துவமனையிலும் இதே அளவுதான். பத்து நிமிடம் இருந்துவிட்டு, துணைக்கு இருப்பவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அந்த நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் இருந்தால், அது எந்த ஆறுதல் சொல்லையும்விடப் பெரிது.

மனத்தாங்கல் வரும்போது

நெருங்கிய பின் உரசல் வராமல் இருக்காது. குறையைச் சொல்லும்போது நடந்த நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் அவர் தம் குணத்தைக் காத்துக்கொள்ளத்தான் போராடுவார். "நேத்து எல்லார் முன்னாடியும் என் சமையலைப் பத்திச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றால் அவர் நேற்றைய ஒரு செயலைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். பசியோடு இருக்கும்போதும், அலுவலகத்திலிருந்து திரும்பிய முதல் அரை மணி நேரத்திலும், மாமியார் அல்லது பிள்ளைகள் முன்னிலையிலும் இதைப் பேசக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் பேசவே கூடாது. எழுத்தில் குரல் கேட்காது என்பதால், படிப்பவர் தம் அப்போதைய மனநிலையையே உங்கள் குரலாக வைத்துப் படித்துக்கொள்வார். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் நாம் இருந்தால், "நீ மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி" என்பது மன்னிப்பு ஆகாது. செய்ததைப் பெயர் சொல்லி, "எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு, இனிமே சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, "ஆனா" என்ற சொல்லைச் சேர்க்காமல் நிறுத்த வேண்டும்.

காலமும் விட்டுப்போன உறவுகளும்

இவையெல்லாம் ஒரே மாதத்தில் நட்பாகக் கனிந்துவிடாது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் வேலையாக ஒன்றாக இருக்கும் நேரம் அவ்வளவாக உதவுவதில்லை. தேநீருக்கு நடந்து போவது, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவது, பந்து விளையாடுவது போன்ற நேரங்களே கணக்கில் சேர்கின்றன. ஆகவே வாரத்தில் ஒரு முறையாவது மாறாமல் வரும் ஒரு வழக்கத்தை ஒருவரோடு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சு அதன் போக்கில் வளரும்.

புதியவர்களைத் தேடும்போதே, தொடர்பு விட்டுப்போன பழையவர்களையும் நினைக்க வேண்டும். நெடுநாள் பேசாதவரைத் திடீரென்று தொடர்பு கொண்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறோம். பெகி லியூவும் சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படி எதிர்பாராமல் வரும் விசாரிப்பைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை அனுப்புபவர் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார். செய்தி சிறியதாக இருக்கட்டும். "இன்னைக்கு சேலம் பஸ் ஸ்டாண்ட் வழியாப் போனேன், நாம கடைசி பஸ்ஸுக்கு ஓடினது ஞாபகம் வந்துச்சு. அம்மாவுக்குக் கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்பதில் ஒரு பகிர்ந்த நினைவும், விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியும் இருக்கின்றன. "ஏன் பேசுறதே இல்ல, மறந்துட்டியா" என்ற வாக்கியத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அது முதல் பதிலையே சமாதானம் சொல்லும் வேலையாக ஆக்கிவிடும். பதில் வராவிட்டால் அடுத்தடுத்த நாள் நினைவூட்ட வேண்டாம். பொங்கலோ அவருடைய பிறந்த நாளோ வரும்வரை விட்டுவிட்டு அப்போது ஒரு முறை எழுதுங்கள். பதில் வந்தால், அதில் அவராகச் சேர்த்த சொல் எது என்று பாருங்கள். அதைக் கேட்டுவிட்டு, எந்த நேரத்தில் அழைத்தால் வசதி என்று தெரிந்துகொண்டு அந்த வாரத்துக்குள் அழைத்துவிடுங்கள். பழைய மனத்தாங்கல் ஏதும் இருந்தால் அதை அந்த முதல் அழைப்பில் எடுக்காமல், நேரில் சந்திக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.